உஷார்! பரணில் அழிகிறது மதுரையின் வரலாறு

ஐப்பசி, கார்த்திகை அடைமழை. அது ஓய்ந்ததும் போகி, பொங்கலுக்கு வெள்ளையடிப்பு. மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்து ஊர்களிலும் பழைய போட்டோக்களுக்கு ஆண்டிலேயே பெரிய கண்டம் இந்த மாதங்கள்தான். ஈரத்தில் பூசணம் பிடிக்கிறது. ஈரத்துக்குத் தப்பியது, பரணைக் காலி செய்யும்போது பழைய பேப்பர்க்காரரின் சாக்குக்குள் போய்விடுகிறது.

“பழைய மதுரைப் படங்கள்தான் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றனவே” என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். அங்கே கிடைப்பவற்றில் மிகப் பழையவை வெள்ளைக்காரர்கள் எடுத்தவை. சென்னை மாகாண அரசின் போட்டோகிராபர் லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரைக்கு வந்து மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், தெப்பக்குளம், திருமலை நாயக்கர் மகால் ஆகியவற்றை மெழுகுக் காகித நெகட்டிவில் பதிவு செய்தார். நேப்பியர் பிரபு 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்தபோது மகால் பழுதுபார்க்கப்பட்டது. அதற்கு முன் அது எப்படி இடிந்து கிடந்தது என்பதை இன்றைக்கும் நம்மால் பார்க்க முடிகிறது என்றால், அது டிரைப்பின் படங்களால்தான். அவற்றின் பிரதிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பத்திரமாக இருக்கின்றன.

ஆனால் டிரைப் தேடி வந்தது கட்டடங்களை. நம் ஜனங்களின் முகத்தைப் பிடித்து வைத்தவை நம் ஊர் ஸ்டுடியோக்கள். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ, மில் தொழிலாளர் கூட்டம், ஜல்லிக்கட்டுக் காளையோடு நிற்கும் தாத்தா. அந்தப் படங்களின் பின்னணியில் தற்செயலாக விழுந்த கண்மாய்க்கரையும் வைகை மணலும் கடைப் பலகையும் ஊரின் சாட்சிகள். உலகனேரிக் கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளை நிற்கும் ஊர் இது. எந்தக் கண்மாய் எதுவரை நீர் பிடித்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் காட்டுவதற்கு அந்தப் படங்கள் வேண்டும். 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்தது. ஒரே இரவில் ஒரு மண்டபம் சிதைந்துபோகும் என்றால், அது முன்பு இருந்த நிலையைச் சொல்லும் ஒவ்வொரு படமும் நமக்குச் சொத்து.

இந்த வீட்டுப் படங்களுக்கும் ஸ்டுடியோ படங்களுக்கும் லண்டனில் பிரதி கிடையாது. போனால் போனதுதான்.

எதற்கெல்லாம் உஷார்?

ஈரம்: போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். அது பூசணத்துக்குத் தீனி. தண்ணீர் பட்டால் உப்பி, பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். நனைந்த படத்தை வெயிலில் போடாமல், முகம் மேலே இருக்கும்படி நிழலில் காயவிடுங்கள்.

பிலிம் டப்பா: திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்த பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். 1950-களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றக்கூடியது. அடுப்படிக்கும் பூஜை விளக்குக்கும் பக்கத்தில் அதை வைக்கவே வைக்காதீர்கள்.

ஒட்டும் ஆல்பம், லேமினேஷன்: பசைத்தாள் ஆல்பம் படத்தை மஞ்சளாக்கும். லேமினேஷன் செய்த படத்தைத் திரும்பப் பிரிக்க வழியே இல்லை. இரண்டும் வேண்டாம்.

எடைக்கு வாங்குபவர்கள்: மூடிய ஸ்டுடியோக்களின் நெகட்டிவுகளை அவற்றில் உள்ள வெள்ளிக்காக வாங்குகிறவர்கள் உண்டு. கண்ணாடி நெகட்டிவ் என்றால் பூச்சைச் சுரண்டிவிட்டு வெறும் கண்ணாடியாக்கிவிடுவார்கள். தாத்தா ஸ்டுடியோ நடத்திய குடும்பங்களே, அந்தப் பெட்டிக்கு விலை பேசாதீர்கள்!

இரவல் கேட்பவர்கள்: “ஆய்வுக்கு வேண்டும், திருப்பித் தருகிறேன்” என்று யார் கேட்டாலும், அவர் எந்தச் சங்கத்தின் பெயரைச் சொன்னாலும், மூலத்தைக் கொடுக்காதீர்கள். ஸ்கேன் போதும். கொடுத்தே தீர வேண்டும் என்றால் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

செயலிகள்: இது புது ஆபத்து. செயற்கை நுண்ணறிவுச் செயலி மங்கிய முகத்தைத் ‘தெளிவாக்கும்போது’ அங்கே இல்லாத கண்ணையும் மூக்கையும் தானாக வரைந்துவிடுகிறது. சேலைக்கு அதுவாக ஒரு நிறம் தருகிறது. அந்தப் படம் வாட்ஸ்அப்பில் பத்துப் பேரைத் தாண்டினால் பொய்யே வரலாறாகிவிடும். மாற்றாத ஸ்கேனைத் தனியாக வையுங்கள். மாற்றியதில் ‘மாற்றப்பட்டது’ என்று எழுதுங்கள்.

இப்போதே செய்ய வேண்டியது

பரணிலிருந்து இறக்கி பீரோவுக்கு மாற்றுங்கள். கண்ணாடி நெகட்டிவுகளை அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பின்பக்க ஓரத்தில் பென்சிலால் மெல்ல எழுதுவது. பால்பாயிண்ட் பேனா கூடாது. முன்பக்கத்தில் அச்சு விழும்.

காப்பாற்ற முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்த பழைய நூல்களும் இதழ்களும்தான் 1994 முதல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது. ஆனால் எந்த நிறுவனமும் வீடு வீடாக வந்து பரணில் ஏறாது.

பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே பெட்டியை இறக்குங்கள். அடுத்த மழைக்குக் காத்திருக்காதீர்கள்!