ஒரு சொல்லுக்குள் அடங்காதவர்கள்

மாணவர்களே, நாம் வாழும் சயானுக்கு மராத்தியில் 'சீவ்' என்று பெயர். எல்லை என்பது அதன் பொருள். முற்காலத்தில் மும்பைத் தீவு முடியும் இடமாக இஃது இருந்தது. நிலத்திற்கு எல்லை வகுப்பதைப் போலவே மனிதர்களையும் வகுத்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர் சூட்டிவிடுகிறோம்.

உங்கள் பாட்டனார் காலத்தில் தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளிகள் அனைவரும் இந்நகரில் 'மதராசி' என்றே அழைக்கப்பட்டனர். 1969ஆம் ஆண்டில் மதராஸ் மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் மாறிய பின்னரும் அச்சொல் மறையவில்லை. 1960களில் தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது, உடுத்திய லுங்கியும் ஏளனத்திற்கு உள்ளாயிற்று. திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்டவரும், மாட்டுங்காவிலிருந்து அலுவலகம் சென்ற தட்டெழுத்தரும் அவ்வொரு சொல்லுக்குள் அடைக்கப்பட்டனர்.

தாராவிக்கும் 'குடிசைப்பகுதி' என்னும் பெயரே நிலைத்துவிட்டது. அங்குத் தோற்பை தைப்போரும், விடியுமுன் இட்லி அவிப்போரும் அப்பெயரில் தென்படுவதில்லை. 2020 ஏப்ரலில் அங்குக் கொரோனா நுழைந்தபோது, இனித் தடுக்க இயலாது எனப் பலர் முடிவுகட்டினர். மாநகராட்சி ஊழியர்களும் மருத்துவர்களும் அங்குள்ள மக்களும் சேர்ந்து நோயைக் கட்டுப்படுத்தினர். ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகக் கூறினார்.

இவ்வளவு அறிந்தும் நாம் பிறரை அவ்வாறே அழைக்கிறோம். பீகாரிலிருந்து வந்து வகுப்பில் சேர்ந்த ஒரு மாணவனைப் பெயர் கேட்கும் முன்பே சிலர் 'பையா' என்று கேலி செய்ததை நான் கேட்டிருக்கிறேன். கண்டிக்க முனைந்தபோது என் தவறே நினைவுக்கு வந்தது.

பணி மாறுதலில் இங்கு வந்த புதிதில், கும்பார்வாடாவில் பானை வாங்கச் சென்றேன். விற்ற அம்மையாரை 'வடநாட்டவர், ஏமாற்றிவிடுவார்' என்று எண்ணி, நெடுநேரம் கடுமையாகப் பேரம் பேசினேன். அவரோ நான் எடுத்த பானையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல கீறல் இருக்கு, வேற எடுத்துக்கோங்க" என்று தமிழில் கூறினார்! அவருடைய முன்னோர் குஜராத்தின் சௌராட்டிரப் பகுதியினர். தமிழை அண்டை வீட்டாரிடம் கற்றாராம். இவற்றை நான் கேட்டறிந்தது பணம் கொடுத்த பின்னரே. அவர் தேர்ந்தெடுத்துத் தந்த பானையில்தான் இன்றும் எங்கள் வீட்டில் குடிநீர் வைக்கிறோம்.