வெளியேற்றல் கட்டளையும் கிழக்குக் கரையோரக் காணியும்

ஒருவரை அவர் குடியிருக்கும் காணியிலிருந்து அகற்றும் அதிகாரம் பொலிஸாருக்கு இயல்பாக உரியதன்று. நீதிமன்றக் கட்டளையின் வழியே வருவது. கல்முனை முதல் பொத்துவில் வரையுள்ள எமது கரையோரத்தில் இவ்வேறுபாடு ஏட்டளவிலான ஒன்றன்று.

தனியார் வழக்குகளில், மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பாணையை நிறைவேற்றும் எழுத்தாணை பிஸ்காலுக்கு அனுப்பப்படுகிறது. தீர்ப்புக்குக் கட்டுப்பட்டோரை அவர் அகற்றலாம். பொலிஸார் அமைதி காக்கத் துணைநிற்பர். வழக்கில் சம்பந்தப்படாத ஒருவர் தமது சொந்த உரிமையை நல்லெண்ணத்துடன் கூறித் தடுப்பாராயின், அவ்வுரிமையை விசாரித்துத் தீர்மானிப்பது நீதிமன்றமே, பிஸ்கால் அல்லர்.

அரச காணியில் நிலைமை வேறு. 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின்படி, தகுதிவாய்ந்த அதிகாரி 30 நாட்களுக்குக் குறையாத தவணையுடன் அறிவித்தல் கொடுக்கிறார். வெளியேறாதவர் நீதவான் முன் அழைக்கப்படுகிறார். அங்கு அவர் காட்டக்கூடிய காரணம் ஒன்றே: நடைமுறையிலுள்ள உத்தரவுப்பத்திரம் அல்லது அரசின் எழுத்துமூல அதிகாரம். பரம்பரையாகக் குடியிருந்தமை விடையாகாது. வெளியேற்றல் கட்டளைக்கு எதிராக மேன்முறையீடும் இல்லை. மீளாய்வு கோரலாம், அல்லது உரித்தை நிலைநாட்ட 6 மாதங்களுள் அரசுக்கு எதிராக வழக்கிடலாம்.

1990 இன் இடப்பெயர்வுகளும் 2004 டிசம்பர் 26 இன் கடற்கோளும் பத்திரங்களைக் கொண்டுசென்ற மண்ணிலேயே இச்சட்டம் பத்திரம் கேட்கிறது. பிரதிக்குச் செல்லவேண்டிய இடம் பிரதேச செயலகம். அறிவித்தல் கொடுக்கும் தகுதிவாய்ந்த அதிகாரியும் பெரும்பாலும் அப்பிரதேச செயலாளரே. ஆவணம் காப்பவரே எதிர்த்தரப்பாகிவிடும் இந்நிலையில், அறிவித்தல் வருமுன்னரே உறுதிப்படுத்திய பிரதியைப் பெற்றுவைத்தல் அறிவுடைமை.

கட்டளையே இல்லாத வெளியேற்றத்துக்குப் பாணமை சான்று. 2010 ஜூலையில் ராகம்வெலவில் ஆயுதந்தாங்கியோர் குடிசைகளை எரித்து மக்களைத் துரத்தினர். 2015 பெப்ரவரியில் 340 ஏக்கரை விடுவிக்க அமைச்சரவை தீர்மானித்த பின்னரும், 2016 இல் மக்கள் தாமாகவே திரும்பிச்செல்ல வேண்டியதாயிற்று. காணிப் பிணக்கில் பலவந்தமாக அகற்றப்பட்டவர்க்கு 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடபடிமுறைச் சட்டம் ஒரு வழி தருகிறது: வழக்குத் தகவல் தாக்கலாவதற்கு முந்திய 2 மாதங்களுள் அகற்றப்பட்டிருப்பின் ஆட்சியை மீள அளிக்கலாம். காலம் கடப்பின் அக்கதவு அடைபடும்.

எனவே வாசலில் சீருடை நிற்கும்போது கேட்கவேண்டிய முதற் கேள்வி, "எந்த நீதிமன்றத்தின் கட்டளை, யார்மீது?" என்பதே. அதனைக் கேட்பது எதிர்ப்பன்று. சட்டத்தைச் சட்டமாக நடக்கச் செய்தலாகும்.