மரத்தில் வைக்கும் முன் அரத்தில் வையுங்கள்: செயின் சா பராமரிப்பும் பாதுகாப்பாக மரம் வெட்டும் முறையும்

ஆரணி வட்டாரத்தில் ஒரே வீட்டில் அண்ணன் வேர்க்கடலை போடுவார், தம்பி தறியில் உட்காருவார். அப்படி ஒரு வீட்டுக்குக் கடலைப் பயிரில் நோய் பார்க்கச் சென்றிருந்தேன். முதல் நாள்தான் கொல்லையில் இருந்த வேப்ப மரத்தை வெட்டியிருந்தார்கள். வடக்கே காலி இடத்தில் விழ வேண்டிய மரம், பாதியில் திரும்பித் தறிக் கொட்டகையின் ஓட்டுக் கூரையில் சாய்ந்துவிட்டது. சாப்பாட்டு நேரம் என்பதால் உள்ளே யாரும் இல்லை. தறியில் ஏற்றியிருந்த பட்டுப் பாவு மட்டும் அறுந்து போனது. "காத்து திருப்பிடுச்சுங்க சார்" என்றார் வெட்டியவர்.

அடிக்கட்டையைப் பார்த்தேன். வெட்டு நேராக இல்லாமல் கிண்ணம் போல வளைந்திருந்தது. மரத்தைப் பிடித்து நிற்கும் கடைசிக் கட்டை ஒரு பக்கம் 3 அங்குலமும் மறுபக்கம் 1 அங்குலமுமாக இருந்தது. இயந்திரத்தின் சங்கிலியைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஒரு பக்கத்துப் பற்கள் எல்லாம் மறுபக்கத்தைவிடக் குட்டையாகத் தேய்ந்திருந்தன. மரத்தைத் திருப்பியது காற்று அல்ல, சரியாகத் தீட்டாத சங்கிலி.

விவசாயப் பெருமக்களே, சவுக்கு, தைலமரம், தேக்கு அறுவடைக்கும், சீமைக் கருவேலை அகற்றவும், புயலில் சாய்ந்த மரங்களை எடுக்கவும் இன்று கிராமந்தோறும் செயின் சா வந்துவிட்டது. வாங்கும்போது எத்தனை சி.சி. என்று கேட்கிறோம். ஆனால் மரத்தை அறுப்பது என்ஜின் அல்ல, பல். பற்கள் கூராகவும் ஒரே அளவாகவும் இருந்தால்தான் வெட்டு நேராகப் போகும். வெட்டு நேராக இருந்தால்தான் மரம் நீங்கள் நினைத்த இடத்தில் விழும்.

சங்கிலி மழுங்கியதை எப்படி அறிவது?

கூரான சங்கிலி மரத்தைச் சீவலாக, செதிளாகத் தள்ளும். மழுங்கிய சங்கிலி மாவு போன்ற தூளைத் தள்ளும். இதுவே முதல் அடையாளம். மற்றவை:

• இயந்திரம் தானாக மரத்துக்குள் இறங்காது. கையால் அழுத்த வேண்டியிருக்கும்.
• செயின் ஆயில் சரியாக வந்தும் வெட்டும் இடத்தில் புகை வரும்.
• வெட்டு ஒரு பக்கமாக இழுக்கும்.
• வெட்டத் தொடங்கும்போது இயந்திரம் துள்ளும்.

இந்த நிலையில் பலர் இயந்திரத்தின் மீது உடல் எடையைப் போட்டு அழுத்துகிறார்கள். விபத்து நடப்பது இப்போதுதான். கை சோர்ந்துவிடும், பிடி தளரும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும், பாரும் சங்கிலியும் சூடேறித் தேயும்.

சங்கிலியை மழுங்கச் செய்வதில் மண்ணுக்கே முதலிடம். கட்டையைத் தரையோடு அறுக்கும்போது ஒரு நொடி மண்ணில் பட்டாலும் கூர் போய்விடும். பட்டையில் ஏறியிருக்கும் கரையான் மண்ணைக் கத்தியால் சுரண்டிவிட்டு வெட்டுங்கள். நம் ஊர்ப் புளிய மரம், வேப்ப மரம், சாலையோர மரம் எதுவானாலும் ஆணி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேண்டுதலுக்கு அடித்த ஆணி, விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணி, கொடி கட்டிய கம்பி ஆகியவை பட்டைக்குள் மூடிப் போயிருக்கும்.

தீட்டும் முறை

உருண்டை அரத்தின் அளவு சங்கிலிக்குப் பொருந்த வேண்டும். 3/8 அங்குல லோ-புரொஃபைல் சங்கிலிக்குப் பொதுவாக 4 மி.மீ. அரமும், 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மி.மீ. அரமும், பெரிய இயந்திரங்களின் 3/8 அங்குலச் சங்கிலிக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ. அரமும் பயன்படும். இயந்திரத்துடன் வந்த கையேட்டில் சரியான அளவு இருக்கும்.

1. என்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றுங்கள். கையுறை அணியுங்கள். பாரை வைஸில் அசையாமல் பிடித்து, செயின் பிரேக்கைப் போடுங்கள். பல்லை நகர்த்தும்போது மட்டும் பிரேக்கை விடுவித்தால் போதும்.

2. எல்லாப் பற்களிலும் மிகக் குட்டையான பல்லைத் தேடி, அதில் தொடங்குங்கள். மற்ற எல்லாப் பற்களையும் அதன் நீளத்துக்கே கொண்டுவர வேண்டும். இந்த ஒன்றைத் தவற விட்டதால்தான் மேலே சொன்ன கொட்டகை சேதமானது.

3. பல்லின் மேல் தகட்டில் உள்ள சாய்வுக் கோட்டைப் பின்பற்றுங்கள். பெரும்பாலான சங்கிலிகளுக்கு இது 30 பாகை. அரத்தைக் கிடைமட்டமாகப் பிடித்து, அதன் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல் விளிம்புக்கு வெளியே தெரியும்படி வையுங்கள்.

4. உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ளுங்கள். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். இரண்டு பக்கமும் இழுத்தால் அரமும் கெடும், பல்லும் கெடும்.

5. ஒரு பல்லுக்கு 3 தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் 3 தள்ளு. ஒரு பக்கத்துப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கம் நின்று மற்றவற்றைத் தீட்டுங்கள். வலக்கைக்காரர்களுக்கு ஒரு பக்கத்தில் அழுத்தம் அதிகமாக விழுவது இயல்பு. அதனால் முடித்ததும் இரு பக்கத்துப் பற்களின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

6. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கும். பல் மரத்தில் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை இதுதான் முடிவு செய்கிறது. பல் தேயத் தேய இந்த மேடு உயரமாகி, கூர் இருந்தும் சங்கிலி வெட்டாது. நான்கைந்து முறை தீட்டியதும் அளவுகோல் தகட்டை வைத்துப் பார்த்து, தட்டை அரத்தால் தேயுங்கள். பல்லின் நுனிக்கும் மேட்டுக்கும் பொதுவாக 0.65 மி.மீ. இடைவெளி போதும். வேகமாக வெட்டட்டும் என்று அதற்கு மேல் தேய்த்தால் இயந்திரம் மரத்தைக் கடித்து இழுக்கும், துள்ளும்.

பல்லின் நீளம் 4 மி.மீ.க்கும் குறைந்துவிட்டால் தீட்ட வேண்டாம், சங்கிலியை மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் பல்லுக்கு இரண்டு தள்ளு கொடுப்பது நல்ல பழக்கம். முழுக்க மழுங்கும்வரை விட்டுவைத்துப் பட்டறைக்கு எடுத்துச் செல்வதைவிட இது எளிது, சங்கிலியும் நீண்ட நாள் வரும்.

சங்கிலி கூர், ஆனாலும் சக்தி இல்லையா?

ஏர் ஃபில்டர்: தினமும் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். தூள் அடைத்தால் என்ஜின் திணறும், பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

எரிபொருள்: இது டூ-ஸ்ட்ரோக் என்ஜின். கையேட்டில் 50:1 என்றிருந்தால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி ஆயில். 25:1 என்றிருந்தால் 40 மில்லி. கண்ணால் பார்த்து ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள். ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்துள்ளது. அது ஈரத்தை இழுக்கும். எனவே கலந்த எரிபொருளை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். வேலை இல்லாத காலத்தில் டேங்கைக் காலி செய்து வையுங்கள்.

ஸ்பார்க் பிளக்: கரி படிந்திருந்தால் சுத்தம் செய்து, இடைவெளியைச் சரிபாருங்கள். பெரும்பாலான இயந்திரங்களுக்கு 0.5 மி.மீ.

சைலன்சர் வலை: கரி அடைத்தாலும் சக்தி குறையும்.

பார்: ஒவ்வொரு முறை சங்கிலியைத் தீட்டும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். அப்போதுதான் இரு விளிம்பும் ஒரே அளவில் தேயும். பள்ளத்தில் உள்ள தூளையும் ஆயில் துளையையும் சுத்தம் செய்யுங்கள்.

ஸ்பிராக்கெட்: இரண்டு சங்கிலி தேய்ந்தால் ஒரு ஸ்பிராக்கெட் மாற்ற வேண்டும். பழைய ஸ்பிராக்கெட் புதுச் சங்கிலியைக் கெடுத்துவிடும்.

செயின் ஆயில்: வண்டியில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றாதீர்கள். அதில் உலோகத் துகள்கள் இருக்கும், தோலுக்கும் கேடு. ஆயில் வருகிறதா என்று அறிய, பாரின் நுனியை வெளிர் நிறக் கட்டைக்குச் சற்று மேலே பிடித்து ஆக்சிலேட்டர் கொடுங்கள். ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும்.

சங்கிலி இறுக்கம்: பாரின் அடிப்பக்கம் சங்கிலி தொங்கக் கூடாது, ஆனால் கையுறை அணிந்த கையால் இழுத்தால் சுலபமாக ஓட வேண்டும். வேலை முடிந்ததும் சற்றுத் தளர்த்தி வையுங்கள். ஆறும்போது சங்கிலி சுருங்கும்.

வெட்டத் தொடங்கும் முன்

மரத்தைச் சுற்றி ஒரு முறை நடங்கள். எந்தப் பக்கம் சாய்வு, கிளைகளின் கனம் எந்தப் பக்கம், பட்ட கிளை மேலே தொங்குகிறதா, அடிமரம் உளுத்திருக்கிறதா என்று பாருங்கள். பலத்த காற்று நாளில் வெட்ட வேண்டாம். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும், ஆடு மாடும் இருக்கக் கூடாது. மரம் விழும் திசைக்கு எதிர்ப்புறம், இடமும் வலமுமாகச் சாய்வாக இரண்டு வழிகளை முதலிலேயே சுத்தம் செய்து வையுங்கள். நீங்கள் விலகி ஓட வேண்டிய வழி அது.

மின்கம்பி அருகில் இருந்தால் தொடவே வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குத் தகவல் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலை செய்ய வேண்டும்.

தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பான், கையுறை, முழு நீளக் கால்சட்டை, கெட்டியான ஷூ ஆகியவை அவசியம். வேட்டி, லுங்கி, செருப்புடன் இந்த இயந்திரத்தைத் தொடாதீர்கள். இரு கைகளாலும் பிடியுங்கள், இடக்கைக் கட்டைவிரல் முன் கைப்பிடியைச் சுற்றியிருக்க வேண்டும். பாரின் நுனியின் மேல் பாகம் எதிலாவது பட்டால் இயந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். தோளுக்கு மேல் உயர்த்தியும், ஏணியில் நின்றும் வெட்டாதீர்கள்.

கீல்தான் மரத்தை நடத்துகிறது

சுற்றளவு 5 அடி உள்ள ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் குறுக்களவு சுமார் 19 அங்குலம்.

முதலில் முன் வெட்டு. மரம் விழ வேண்டிய பக்கத்தில், மேலிருந்து 45 பாகை சாய்வாக ஒரு வெட்டும், கீழே கிடைமட்டமாக ஒரு வெட்டும் போட்டு, ஆப்பு வடிவத் துண்டை எடுத்துவிடுங்கள். இதன் ஆழம் குறுக்களவில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை, அதாவது 4 முதல் 5 அங்குலம். இரு வெட்டுகளும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும், ஒன்றையொன்று தாண்டக் கூடாது.

அடுத்து பின் வெட்டு. எதிர்ப்பக்கத்தில், முன் வெட்டின் அடிக்கோட்டைவிட 1 முதல் 2 அங்குலம் உயரத்தில், கிடைமட்டமாக வெட்டி வாருங்கள். முழுவதும் வெட்டிவிடாதீர்கள். குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 2 அங்குலக் கட்டை, இரு வெட்டுகளுக்கும் நடுவே நிற்க வேண்டும். இதுதான் கீல். கதவைக் கீல் நடத்துவது போல, விழும் மரத்தை இது நடத்துகிறது. கீல் இரு முனையிலும் ஒரே தடிமனாக இருந்தால் மரம் நேராக விழும். ஒரு முனை தடித்தால் மரம் அந்தப் பக்கம் திரும்பும். கீலையே அறுத்துவிட்டால் மரம் எங்கு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வெட்டு ஆழமானதும் பின்னால் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஆப்பை அடியுங்கள். இரும்பு ஆப்பு சங்கிலியில் பட்டால் பல் போகும். மரம் அசையத் தொடங்கியதும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு சுத்தம் செய்து வைத்த வழியில் விலகுங்கள்.

தென்னை, பனையின் தண்டு வெளியே கடினமாகவும் உள்ளே மென்மையாகவும் இருக்கும். இவற்றில் கீலை மட்டும் நம்பாமல், உயரத்தில் கயிறு கட்டி, மரத்தின் உயரத்தைவிட அதிகத் தூரத்தில் நின்று இழுத்துப் பிடிக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள். விழும் பக்கமே மிகவும் சாய்ந்து நிற்கும் மரத்தைப் பின்னாலிருந்து வெட்டினால், தண்டு நெடுக்காகப் பிளந்து வெட்டுபவரை உதைத்துவிடும். அத்தகைய மரத்தையும், வீட்டின் பக்கம் சாய்ந்த மரத்தையும் அனுபவமுள்ள குழுவிடம் விட்டுவிடுங்கள்.

புயலில் சாய்ந்த மரங்கள்

2018 நவம்பர் 16-ஆம் தேதி கரை கடந்த கஜா புயல் டெல்டாவில் தென்னந்தோப்புகளை அடியோடு சாய்த்தது. 2024-இல் ஃபெஞ்சல் நம் மாவட்டத்தையே உலுக்கியது. புயலுக்குப் பிறகு அவசரமாகச் செய்யும் மரவேலை, நின்ற மரத்தை வெட்டுவதைவிட ஆபத்தானது. விழுந்த மரத்தில் ஒரு பக்கம் நெருங்கியும் மறுபக்கம் வில் போல இழுபட்டும் இருக்கும். நெருங்கிய பக்கத்தில் முதலில் சிறிதளவு வெட்டி, பிறகு இழுபட்ட பக்கத்தில் மெதுவாக வெட்டி முடியுங்கள். வேரோடு சாய்ந்த மரத்தில் தண்டை அறுத்ததும் வேர்க்கட்டை சட்டென்று நிமிர்ந்து குழியில் உட்காரும். வேர்ப் பக்கம் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள்.

அனுமதி

பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று தமிழக அரசு 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்துள்ளது. சந்தன மரம் பட்டா நிலத்தில் இருந்தாலும் வனத்துறை மூலமாகவே வெட்ட வேண்டும். மலைப்பகுதி நிலங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. புறம்போக்கு மரங்களில் கை வைக்கக் கூடாது. ஐயம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரையோ வனச்சரக அலுவலகத்தையோ கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிந்துவிட்டுத்தான் நெசவாளர் மேலே நெய்வார். செயின் சாவுக்கும் அதே பழக்கம் வேண்டும். சீவல் தூளாக மாறியதும் நிறுத்துங்கள், அரத்தை எடுங்கள். ஆள் வைத்து வெட்டுவதாக இருந்தாலும், வேலை தொடங்கும் முன் "சங்கிலியைக் காட்டுங்க" என்று கேளுங்கள். இரு பக்கப் பற்களும் ஒரே நீளமா என்று நீங்களே பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.