நாற்பதுகளில் தலைவலி: மாத்திரையை எண்ணுங்கள்

"ஒன்னுமில்ல, பழகிப் போச்சு" என்று சொல்லியபடியே எங்கள் ஆசிரியர் அறையில் மூத்த ஆசிரியை ஒருவர் மாத்திரை போடுவார். பழகக்கூடாதது அதுதான்.

மாதவிடாய் நிற்பதற்கு முந்திய ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் அளவு ஏறி இறங்கும். அதனால் ஒற்றைத் தலைவலி அடிக்கடி வரலாம். மாதவிடாய் முற்றாக நின்ற பின் பலருக்குக் குறையும்.

பாராசிட்டமால்கூட மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ எடுத்து, அது மூன்று மாதம் தாண்டினால், மருந்தே தலைவலியைக் கொண்டுவரலாம். ஆகவே வலி வந்த நாள், மாதவிடாய் நாள், தூக்கம், தவறவிட்ட சாப்பாடு, போட்ட மாத்திரை ஆகிய ஐந்தையும் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். வலி வராமல் தடுக்கும் மருந்துகளும் உண்டு.

50 வயதுக்குப் பின் புதிதாகத் தலைவலி தொடங்கினால் மருத்துவரைப் பாருங்கள். திடீரென மண்டை பிளப்பதுபோல் வலித்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பாடவேளை முடியட்டும் என்று இருக்காதீர்கள்.

மாணவர்களே, வீட்டில் அம்மாவுக்கும் இதைச் சொல்லுங்கள்.