வேனுக்கு ஒரு சாய்ப்பு

ஆகஸ்ட் 29ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறுகிறது. செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறப்பு விழாவோடு திருநாள் நிறைவுறுகிறது. இந்த நாள்களில் காரைக்கால் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் சாலையில் நிற்பவர்கள் இருவகை ஊர்வலங்களைக் காணலாம். ஒன்று, காவியுடை தரித்துக் கால்நடையாகச் செல்லும் திருப்பயணிகளின் ஊர்வலம். மற்றொன்று, அவர்களுக்கு முன்னும் பின்னுமாக ஊர்ந்து செல்லும் வேன்களின் ஊர்வலம்.

நடப்பவர்களைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். வேனில் இருப்பவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. அரிசி மூட்டை, அடுப்பு, அண்டா, பாய்ச் சுருள் ஆகியவற்றுக்கு நடுவே, நடக்க இயலாத பாட்டியும் கைக்குழந்தையோடு தாயும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வண்டியே சமையலறை, சாமான் அறை, படுக்கையறை. மேலைநாடுகளில் இத்தகைய வண்டியைக் கேம்பர் வேன் என்கிறார்கள். கேரள அரசு 2021இல் சுற்றுலாப் பயணிகளுக்காக இவ்வகை வண்டிகளுக்கென்றே ஒரு திட்டத்தை அறிவித்தது. நம் மக்களோ திட்டம் எதுவும் இன்றியே வேனை வீடாக்கிக்கொண்டவர்கள்.

ஆனால் இந்த வீட்டுக்குத் திண்ணை இல்லை, தாழ்வாரமும் இல்லை. முன்னாளில் கூண்டு வண்டியில் சென்ற குடும்பங்கள் சாலையோரப் புளியமரத்தடியிலோ ஆலமரத்தடியிலோ மாட்டை அவிழ்த்துவிட்டு இளைப்பாறின. சாலைகள் அகலமாக்கப்பட்ட இடங்களில் அந்த மரங்கள் இன்று இல்லை. எனவே நிழலையும் நாமே சுமந்து செல்ல வேண்டியிருக்கிறது. வீட்டின் பக்கவாட்டில் சாய்ப்பு இறக்குவதைப்போல, வேனின் பக்கவாட்டில் இறக்கும் துணிக்கூரையைப் பற்றியதே இக்கட்டுரை.

இது வெறும் வசதியைப் பற்றிய பேச்சு அன்று. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய வண்டியினுள், பத்தே நிமிடங்களில் வெப்பம் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் உயர்ந்துவிடும். குழந்தையின் உடலும் முதியவரின் உடலும் அதைத் தாங்குவது அரிது. மறுபுறம், சரியாகக் கட்டாத கூரை காற்றில் பெயர்ந்தால், அதன் கழியும் முளையும் பக்கத்தில் இருப்பவரைக் காயப்படுத்தும்.

துணியைத் தேர்தல்

கடைக்குச் செல்லும் முன் ஒரு கேள்விக்கு விடை காணுங்கள்: உங்களுக்கு முதன்மையாக வேண்டுவது நிழலா, மழைக்காப்பா? விழா நாள்களில் பகலெல்லாம் வெயில். சில மாலைகளில் இடியோடு மழை. நவம்பர், டிசம்பரில் புறப்படுவோருக்கோ வடகிழக்குப் பருவமழையே முதற்கவலை.

கித்தான் எனப்படும் தடித்த பருத்தித் துணி அடர்ந்த நிழலைத் தரும்; காற்றில் படபடவென்று ஒலிக்காது. ஆனால் எடை மிகுதி. நனைந்தால் இன்னும் மிகுதி. ஈரத்தோடு மடித்துவைத்தால், உப்புக்காற்று வீசும் நம் கடற்கரையில் விரைவில் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும்.

நெய்த பிளாஸ்டிக் தார்ப்பாய் விலை குறைந்தது, எடை குறைந்தது, மழைக்கு ஏற்றது. ஆயினும் வெயில் அதற்குப் பகை. நாள்பட வெயிலில் கிடந்தால் பொடிந்து உதிரும். மெலிந்த நீலப் பாயின் கீழே நிழல் இருக்கும், குளிர்ச்சி இராது. வாங்கும்போது நிறத்தைப் பார்த்து மயங்காமல், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை என்று கேளுங்கள். கடைக்காரர்கள் அதை ஜி.எஸ்.எம். என்பார்கள். 200க்குக் குறையாதது நலம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்றும் பாருங்கள். வெளிப்புறம் வெள்ளை அல்லது வெள்ளி நிறமாக இருந்தால் வெப்பம் குறையும்.

நாற்றங்கால்களில் பயன்படும் பச்சை நிழல்வலை மூன்றாவது வகை. மழையை அது தடுக்காது. ஆனால் காற்று அதனூடே செல்வதால், தார்ப்பாயைப்போல் பாய்மரமாகி இழுக்காது. பகலுக்கு வலையும் மழைக்குத் தார்ப்பாயுமாக இரண்டும் வைத்திருப்பது சிக்கனமான வழி. இரண்டையும் சேர்த்துக் கட்ட விரும்பினால், வலையை மேலேயும் பாயை ஒரு சாண் கீழேயும் கட்டுங்கள். இடையே காற்று உலாவுவதால் கீழே இறங்கும் சூடு குறையும்.

எதை வாங்கினாலும் விளிம்பைக் கவனியுங்கள். துணி கிழிவது பெரும்பாலும் நடுவிலன்று, கயிறு மாட்டும் வளையத்தில்தான். விளிம்பு இரண்டாக மடித்துத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். மூலைகளில் ஒட்டுத்துணி வேண்டும். வளையங்கள் பித்தளை அல்லது அலுமினியமாக இருக்கட்டும். இரும்பு வளையம் கடற்காற்றில் துருவேறித் துணியையும் அரித்துவிடும். பத்தடி நீளமும் எட்டடி அகலமும் ஒரு குடும்பத்துக்குப் போதும். பெரிய கூரை பெரிய காற்றையும் அழைக்கும்.

எந்தப் பக்கம் கட்டுவது?

நம் நாட்டு வேன்களின் பயணிக் கதவு பொதுவாக இடப்புறத்தில் இருக்கிறது. காரைக்காலிலிருந்து திருமலைராயன்பட்டினம், வாஞ்சூர், நாகூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி செல்லும்போது அந்த இடப்புறம் கிழக்கே, கடலை நோக்கி இருக்கும். பிற்பகலில் வண்டியின் நிழலே அந்தப் பக்கம் விழும். கூரை அந்த நிழலை நீட்டித் தருகிறது. திரும்பும் பயணத்தில் அதே இடப்புறம் மேற்காகிவிடும். மாலை வெயில் சாய்வாகக் கூரைக்குக் கீழே புகும். அப்போது முன்விளிம்பில் ஒரு வேட்டியையோ பழைய சேலையையோ திரையாகத் தொங்கவிடுங்கள். அல்லது திடலில் வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள்.

காற்றுக்கும் ஒரு கால அட்டவணை உண்டு. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இக்கரையில் காலையில் மேல்காற்று வீசும். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து ஏறும். கிழக்குப் பக்கம் கட்டிய கூரைக்குக் காலையில் வேனே மறைப்பு. பிற்பகலிலோ காற்று திறந்த வாய்வழியே நேராக உள்ளே புகுந்து கூரையை மேலே தூக்கும். நிழலுக்கு உகந்த பக்கமே காற்றுக்கு இலக்கான பக்கமுமாகிறது. ஆகவே கடற்காற்று எழும் முன்பே முன்விளிம்பைத் தாழ்த்திவிடுவது அறிவுடைமை.

வேனோடு பிணைத்தல்

கூரைமேல் கேரியர் உள்ள வேனுக்கு வழி எளிது. துணியின் ஒரு விளிம்பை மடித்துத் தைத்து உறையாக்கி, அதற்குள் ஒரு மூங்கிலையோ அலுமினியக் குழாயையோ செலுத்துங்கள். அந்தக் கழியைக் கேரியரோடு மூன்று நான்கு இடங்களில் கட்டுங்கள். இழுவிசை ஒரே வளையத்தில் விழாமல் விளிம்பு முழுவதும் பரவும்.

கேரியர் இல்லாவிடில், கயிறுகளை வண்டியின் கூரைமேல் கொண்டுசென்று மறுபுறச் சக்கரங்களில் கட்டலாம். கயிறு உராயும் இடங்களில் பழந்துணியை மடித்து வையுங்கள். கட்டியவுடன் வண்டிச் சாவியைக் கூரைக்குப் பொறுப்பானவரிடம் கொடுத்துவிடுங்கள். அல்லது ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். கட்டியது நினைவில்லாமல் வண்டியை நகர்த்துவதால் வரும் கேடு பெரிது.

கதவிடுக்கில் கயிற்றைக் கொடுத்துச் சாத்துவது, பக்கக் கண்ணாடியில் கட்டுவது, காந்தத்தை மட்டும் நம்புவது ஆகிய மூன்றும் வேண்டா.

ஐரோப்பிய நாடுகளில் வேனின் கூரையோரத்தில் ஒரு நீண்ட அலுமினியப் பள்ளத்தைப் பொருத்தி, விளிம்பில் தடித்த நூல் வைத்துத் தைத்த துணியை அதற்குள் இழுத்துச் செருகுகிறார்கள். கைப்பிடியைச் சுழற்றினால் விரியும் கூரைகளும் அங்கே உண்டு. நேர்த்தியானவைதாம், ஆனால் பலத்த காற்று எழுந்தால் சுருட்டிவிட வேண்டியவையே அவையும். அவற்றைப் பொருத்தப் பல வேளைகளில் வண்டியின் உடலில் துளையிட வேண்டியிருக்கும். துளையைச் சரிவர அடைக்காவிட்டால் நம் உப்புக்காற்றில் துரு தொடங்குவது அங்கேதான். மேலும், பதிவு பெற்ற வண்டியின் அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. நிலையான பொருத்துகளை நாடுவோர் முதலில் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் கேட்டறிதல் நன்று. ஆண்டுக்கொரு பயணம் செல்லும் குடும்பத்துக்குக் கட்டி அவிழ்க்கும் சாய்ப்பே போதுமானது.

தரையில் ஊன்றுதல்

முன்விளிம்பைத் தாங்க இரண்டு சவுக்குக் கழிகள் போதும். ஒவ்வொரு கழியின் தலையிலிருந்தும் இரண்டு கயிறுகள், ஒன்று முன்னோக்கியும் மற்றொன்று பக்கவாட்டிலும் இறங்க வேண்டும். முளைக்குச்சியைச் செங்குத்தாக அடிக்காமல், அதன் தலை கூரைக்கு எதிர்ப்புறம் சாயுமாறு அடியுங்கள். அப்போது கயிறு இழுக்க இழுக்க முளை மேலெழாது.

இது களிமண்ணுக்குப் பொருந்தும். கடற்கரை மணலுக்குப் பொருந்தாது. மணலில் எவ்வளவு நீண்ட முளையும் ஒரு வீச்சில் பிடுங்கிக்கொள்ளும். அங்கே உரச்சாக்கில் பாதியளவு மணலை நிரப்பி, அதன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். நான்கு வெறுஞ்சாக்குகளை வேனில் வைத்திருந்தால் மணல் எங்கும் கிடைக்கும்.

நைலான் கயிறு நனைந்தால் நெகிழும். பருத்திக் கயிறு நனைந்தால் இறுகும். மழைக்குப் பின் எதுவாயினும் சரிபார்க்க வேண்டும். கயிற்றுக்கும் முளைக்கும் இடையே பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையத்தை மாட்டினால், காற்றின் திடீர் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். இரவில் கயிறு கண்ணில் படாது. ஒவ்வொரு கயிற்றிலும் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டுங்கள். உலோகக் கழிகளை மின்கம்பிக்குக் கீழே நிமிர்த்தாதீர்கள்.

காற்றின் கணக்கும் நீரின் கணக்கும்

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். பத்துக்கு எட்டடிப் பாயின்மேல் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நேராக மோதும் காற்று சுமார் 14 கிலோ எடையளவு தள்ளும். வேகம் 40 ஆனால் அது 55 கிலோவைத் தாண்டும். ஒருவர் கையால் பிடித்து நிறுத்தக்கூடிய பாரமன்று அது.

நீரின் கணக்கும் அத்தகையதே. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் உயரம் நீர் தேங்கினால் 10 கிலோ. துணி தொய்ந்து, அதில் ஒரு சாண் ஆழம் நீர் நின்றால் நூறு கிலோவுக்கும் மேல். எட்டடி அகலக் கூரைக்கு முன்புறம் இரண்டடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். ஆம்னி போன்ற சிறிய வண்டிகளின் கூரை ஆறடிக்கும் கீழே இருப்பதால், முன்விளிம்பு முழுவதையும் தாழ்த்த இயலாது. ஒரு மூலையை மட்டும் நன்கு தாழ்த்தி, நீர் அவ்வழியே வடியச் செய்யுங்கள்.

அடுப்பும் புகையும்

பிளாஸ்டிக் பாய் தீப்பற்றினால் உருகிச் சொட்டும். சொட்டுகிற இடமெல்லாம் சுடும். ஆகவே அடுப்பு கூரைக்குக் கீழே வேண்டா. காற்று எத்திசை நோக்கிப் போகிறதோ அத்திசையில், பத்தடி தள்ளி அடுப்பை வையுங்கள்.

இதனினும் கொடியது கண்ணுக்குத் தெரியாத நச்சுக்காற்று. மழைக்காகவோ கொசுவுக்காகவோ நான்கு பக்கமும் பாயால் மூடிவிட்டு, குளிர்சாதனத்துக்காக வேனின் எஞ்சினை ஓடவிட்டு உறங்குவது உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் விழிப்பதே இல்லை. மூடிய இடத்தில் கரியடுப்பும் அவ்வாறே கேடு செய்யும்.

வண்டியை நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிறுத்திக் கூரை கட்டுவது எக்காலத்தும் தகாது. ஆலயத் திடல், பள்ளி வளாகம், சந்தைத் திடல் ஆகியவற்றில் உரியவரிடம் அனுமதி கேட்டு நில்லுங்கள்.

அவிழ்க்கவும் அறிதல்

கூரையைக் கட்டத் தெரிந்தவர் பலர். அவிழ்க்கத் தெரிந்தவர் சிலர். எல்லாக் கயிறுகளையும், நுனியைப் பற்றி இழுத்தவுடன் கழன்றுவிடும் முடிச்சால் கட்டுங்கள். இறுக்கமாய்க் கட்டிவிட்டுப் பின்னர் அரிவாளைத் தேடுவது பாதுகாப்பன்று.

மேகம் கறுத்து, துணி பொருமத் தொடங்கினால் காத்திராதீர்கள். முதலில் குழந்தைகளையும் முதியவர்களையும் வேனுக்குள் ஏற்றுங்கள். பிறகு இருவர் முன்விளிம்பைப் பிடித்துக் கீழே இழுக்க, மற்றவர் கழிகளை எடுத்துவிட வேண்டும். விளிம்பு தரையைத் தொட்டதும் அதன்மேல் ஏறி நின்றால், காற்று துணியைத் தூக்காமல் வேனோடு சேர்த்து அழுத்தும். அதற்குப் பின்னரே கயிறுகளை அவிழ்த்து மடிக்க வேண்டும்.

திருநள்ளாற்றுக்கு வருவோரும், நாகூர்க் கந்தூரிக்குச் செல்வோரும், வேளாங்கண்ணிக்குப் புறப்படுவோரும் இதே சாலைகளில்தான் தங்கிச் செல்கிறார்கள். வெயிலும் காற்றும் அனைவர்க்கும் ஒன்றே. பயணத்துக்கு ஒரு வாரம் முன்னதாக உங்கள் வீட்டு வாசலிலேயே கூரையை ஒருமுறை கட்டிப் பாருங்கள். கட்டப் பத்து நிமிடம் ஆகலாம்; அவிழ்க்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. அந்த முடிச்சை வீட்டின் மூத்த பிள்ளைக்கும் கற்றுக்கொடுங்கள். நடப்பவர்கள் வந்துசேரும் வரை, வேனில் இருக்கும் பாட்டிக்கும் பச்சிளங்குழந்தைக்கும் நிழலைக் காத்து நிற்பது பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் பொறுப்பாகவே இருக்கும்.