மீனுக்கும் பூண்டு, மஞ்சள்

எங்க கத்திவாக்கத்தில் கொசத்தலை ஆற்று முகத்துவாரத்தில் வலை வீசித்தான் வளர்ந்தோம். சாம்பல் கழிவும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெயும் ஆற்றைக் கெடுத்த பிறகு, மீஞ்சூர் பக்கம் 10 சென்ட் குட்டையைக் குத்தகைக்கு எடுத்து கட்லா, ரோகு விட்டேன்.

முதல் மழைக்காலத்திலேயே மீன் உடம்பில் சிவப்புப் புள்ளி, செதில் உதிர்வு. தினம் நாலஞ்சு செத்து மிதந்தது. ஏரோமோனாஸ் பாக்டீரியா தாக்கினால் இப்படித்தான் இருக்கும். கடையில் ஆன்டிபயாடிக் தர்றேன்னாங்க. வேண்டாம்னு வந்துட்டேன். குளோரம்பெனிகால், நைட்ரோபியூரான் இரண்டுக்கும் மீன் வளர்ப்பில் தடை இருக்கு. மற்றதையும் கண்டபடி கொட்டினா கிருமி பழகிக்கும். நாளைக்கு நமக்கே அந்த மருந்து கேட்காது.

நான் செஞ்சது இதுதான். ஒரு கிலோ தீவனத்துக்கு 10 கிராம் பூண்டு, 5 கிராம் மஞ்சள்தூள். பூண்டை நசுக்கிப் பத்து நிமிஷம் விடணும். அப்போதான் கிருமியை அடக்கும் அல்லிசின் நல்லா உண்டாகும். கொதிக்க வச்சா வீணாயிடும். ஆறின கஞ்சியில் பிசைந்து, நிழலில் உலர்த்தி, அன்றன்றைக்கே போட்டேன்.

நோய் முற்றிய மீன் இரை எடுக்காது. அதுக்கு இந்த மருந்து போய்ச் சேராது. அதெல்லாம் செத்துத்தான் போச்சு. தின்ற மீனுக்கு ரெண்டு வாரத்தில் புண் ஆறுச்சு. தீவனத்தைக் குறைச்சதும், பாதித் தண்ணியை மாத்தினதும் அதில் பங்குண்டு.

வேப்பிலைச் சாறை அள்ளி ஊத்தாதீங்க. அளவு மீறினா மீனுக்கே விஷம்.

இப்போ நோய் வரட்டும்னு காத்திருக்கிறதில்ல. ஐப்பசிக்கு முன்னாடியே, மாசத்துக்கு ஒரு வாரம் பூண்டுத் தீவனம்.