பழைய கட்டடத்தில் ஒற்றை அறை வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

வேலைக்காகவோ படிப்புக்காகவோ நம் பிள்ளைகள் சென்னைக்குப் போனால், நாம் முதலில் வீடு தேடுவது மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும்தான். பள்ளிவாசல் நடக்கும் தூரத்தில் இருக்கும், ஹலால் சாப்பாடு கிடைக்கும், 'முஸ்லிமா?' என்று கேட்டுக் கதவைச் சாத்தாத வீட்டுக்காரர்களும் இருப்பார்கள். ஆனால் இங்கே புதுமணத் தம்பதிக்கோ தனியாக இருக்கும் இளைஞருக்கோ கட்டுப்படியாகும் வாடகையில் கிடைப்பது பெரும்பாலும் பழைய கட்டடத்தில் ஒரே அறை கொண்ட போர்ஷன்தான். சில விஷயங்களைச் சரிபார்த்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

முதலில் கூரையைப் பாருங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் இருப்பது 'மெட்ராஸ் டெரஸ்'. மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் போட்டுக் கட்டியது. நன்றாகப் பராமரித்தால் உறுதியாக நிற்கும். உத்தரத்தில் கரையான் புற்று, சுவரோடு சேரும் இடத்தில் ஈரக் கறை, உதிரும் காரை இருந்தால் புதுச் சுண்ணாம்புப் பூச்சைக் கண்டு ஏமாற வேண்டாம். மழை பெய்த மறுநாள் போய்ப் பார்ப்பது நல்லது.

அடுத்தது தண்ணீரும் மின்சாரமும். மெட்ரோ வாட்டர் எத்தனை மணிக்கு வருகிறது, மாடிக்கு ஏறுகிறதா, கழிப்பறை தனியா பொதுவா என்று பக்கத்துப் போர்ஷன்காரரிடம் கேளுங்கள். மின் மீட்டர் தனியாக இருக்கிறதா என்பது முக்கியம். தமிழகத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். அதற்கு மேல் பயன்பாடு கூடக் கூடக் கட்டண விகிதமும் உயரும். பல குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால் எல்லோருடைய பயன்பாடும் ஒன்றாகக் கூடி, குறைவாகச் செலவழிப்பவரும் உயர்ந்த விகிதத்தில் கட்ட நேரிடும்.

மூன்றாவது, ஒப்பந்தம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதைப் பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொள்ளாத வரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது பழைய வழக்கம். அதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் சட்டம் கைகொடுக்காது. எனவே பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது.

வாடகைக்கு விடுபவர் உண்மையான உரிமையாளர்தானா என்பதையும் சொத்து வரி ரசீதைக் கேட்டு உறுதி செய்யுங்கள். தானே வாடகைக்கு இருந்துகொண்டு உள்வாடகைக்கு விடுபவர்கள் உண்டு. வக்ஃபு கட்டடம் என்றால் நிர்வாகத்திடமே நேரில் விசாரியுங்கள்.

'லீஸ்' என்ற பெயரில் வரும் ஒத்தி பற்றியும் சொல்லியாக வேண்டும். சில லட்சங்களைக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருந்து, போகும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறுவது இது. கொடுத்த கடனுக்கு ஆதாயம் பெறுவதாக அமைவதால் இது வட்டியில் சேரும் என்று உலமாக்கள் பலர் எச்சரிக்கிறார்கள். இதில் உலக நஷ்டமும் உண்டு: அந்தப் பணத்தை வீட்டுக்காரர் செலவழித்துவிட்டால், அடுத்த ஆள் கிடைக்கும் வரை நாம் காத்திருக்க வேண்டும்.

'நம்ம ஆளுதானே, எழுத்து எதற்கு?' என்ற தயக்கம் நம்மிடம் அதிகம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல்பகரா 282ஆம் வசனம் விசுவாசிகளுக்குத்தான் கட்டளையிடுகிறது. எழுதிக்கொள்வது சந்தேகம் அல்ல. இரு தரப்பின் உறவையும் காக்கும் அமானிதம். வாடகைக்கு விடும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும்.